சாப்ட்டியா என்று கேட்ட அக்கா

தீர்த்தமலைக்கு முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தேன். நான் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. பஸ்ஸிலேயே இருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று தோன்றியது, அவ்வளவுதான். காலையில் காரிமங்கலம் பக்கம் புளிக் கொட்டகையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவன், மத்தியான வெயிலில் மலையைப் பார்த்தபடி தார்ச் சாலையோரம் நடந்துகொண்டிருந்தேன். சட்டையில் புளித்தூசி அப்படியே இருந்தது. போனை அணைத்து வைத்திருந்தேன்.

போய்ச் சேர வேண்டிய வீட்டில் ஒரு பெண் இருந்தார். அவருடைய அக்கா இறந்துவிட்டதை நான் அவரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் இதயம் ஏற்கெனவே ஒருமுறை, ஒரு போன் பேச்சைக் கேட்டு நின்றுவிடப் பார்த்தது. அதிர்ச்சி வந்தால் மறுபடியும் அப்படி ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இறந்துபோன அக்கா எனக்குச் சொந்தம் இல்லை. கொட்டகையில் எல்லோரும் அக்கா என்றோம், நானும் அக்கா என்றேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பெங்களூரில் கம்பி கட்டினேன், திருப்பூரில் துணி மடித்தேன், ஓசூரில் ஒரு லாரி ஷெட்டில் படுத்துக் கிடந்தேன். ஓர் ஊர் பழகிவிட்டால் கால் அடுத்த ஊரைத் தேடும். அந்தக் கொட்டகையில் மட்டும் சில புளிப் பருவங்கள் தாண்டியும் இருந்துவிட்டேன். அதற்கு அக்காதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வேறு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா குள்ளம். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து புளியின் ஓட்டை உடைப்பார், நாரை உரிப்பார், கொட்டையைத் தட்டி எடுப்பார். விரல் நுனிகள் கறுத்து, வெடித்து இருக்கும். பேச்சு கம்மி. பேசினால் பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல, ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரே குரல். அந்தக் குரலுக்காகத்தான் ஊரே அவரைத் தேடி வந்தது.

எங்கள் பக்கத்தில் சாவைப் போனில் சொல்ல மாட்டார்கள். உடம்பு சரியில்லை, கிளம்பி வா என்பார்கள். காலில் அடி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்பார்கள். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் பாதி தெரியும். ஆனாலும் பஸ் ஏறி வாசலுக்கு வந்து சேரும்வரை அந்தப் பொய்யின் ஆளுக்கொரு முனையை இருவரும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கையை விட்டால் வழியிலேயே விழுந்துவிடுவோம் என்ற பயம். பொய்யைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். குரல் உடைந்தாலும் போச்சு, அவசரப்பட்டாலும் போச்சு. அக்காவுக்கு இரண்டும் நடக்காது. யார் வீட்டில் என்ன ஆனாலும் போனைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்துவிடுவார்கள்.

அக்கா எடுத்ததும் கேட்பது ஒன்றுதான். "சாப்ட்டியா?"

சாப்பிடவில்லை என்றால் முதலில் சாப்பிட வைப்பார். சேதி அதற்கப்புறம்தான். அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து கொட்டை எடுக்கும் பெண் ஒருத்தியின் அப்பா பாலக்கோட்டில் இறந்துபோனார். போன் முதலாளிக்கு வந்தது. முதலாளி அக்காவைக் கூப்பிட்டுக் காதில் சொன்னார். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார், தன் சோற்றுத் தூக்கைத் திறந்தார், களியைப் பாதியாகக் கிள்ளிக் கீரையை ஊற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினார். இன்னைக்குக் கீரையில் உப்புக் கூடிவிட்டதா பார் என்றார். அவள் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவியதும்தான், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், நானும் கூட வருகிறேன் என்று எழுந்தார். பஸ்ஸில் பாதி தூரம் போனபின், ரொம்ப முடியவில்லையாம் என்றார். ஊரில் இறங்கியபோது மேளச் சத்தம் கேட்டது. மீதியை அது சொன்னது. அக்கா அதற்குள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் களி மட்டும் இல்லையென்றால் பஸ் படியிலேயே விழுந்திருப்பேன் என்று அந்தப் பெண் பின்னால் சொன்னாள்.

அக்கா இதை எங்கே கற்றார் என்பதை ஒருநாள் புளி காயப்போடும்போது சொன்னார், எதற்கோ பேச்சு வந்து. அவர் புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். மேஸ்திரி போன் பண்ணி, ஆள் போய்விட்டான், எடுத்துக்கொண்டு போக வாருங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்து அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"வெறும் வயிறு தம்பி. அவரத் தூக்கிட்டு வந்து போட்டாங்க. அழுவறதுக்குக் கூட ஒடம்புல தெம்பில்ல. சும்மா பாத்துக்கிட்டு குந்தியிருந்தேன். அழுவலன்னு அவங்க ஊட்டு சனம் இன்னைக்கும் சொல்லிக் காட்டுது."

புளியைப் புரட்டப் போய்விட்டார்.

இந்தப் பழக்கத்தில் ஒரு கேடு இருந்தது. உலகத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற அந்தக் கேள்வியை அக்காவால் சும்மா கேட்க முடியாமல் போனது. அவர் வாயைத் திறந்து சாப்ட்டியா என்றால் எதிரில் இருப்பவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். லோடு ஏற்றுகிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். "யக்கா, நான் ஆயுசுக்கும் சேத்து சாப்ட்டுட்டேன். என்ன மட்டும் கேட்டுறாத" என்பான் ஒருவன். அக்கா அவன் மேல் புளியங்கொட்டையை விட்டெறிவார்.

ஒரு சந்தை நாளில் அக்கா முதலாளியின் மேசைக்குப் போய், சாப்ட்டீங்களா என்று கேட்டுவிட்டார். முதலாளி முகம் வெளுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா மேலே பேசுவதற்குள் போனை எடுத்துச் சேலத்தில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார், அவள் பேசினாள். சென்னையில் இருக்கும் மகனைக் கூப்பிட்டார், அவனும் பேசினான். தம்பியைக் கூப்பிட்டார். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். பிறகுதான் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா? சொல்லிடு."

"யாருன்னா? மொச்சக்கொட்டக் கொழம்பு மீந்துபோச்சு, ஊத்தட்டுமான்னு கேக்க வந்தேங்க."

கொட்டகையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. இனிமேல் குழம்பு வேண்டுமா என்று மட்டும் கேள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அக்காவுக்கு ஒரே தங்கை. தீர்த்தமலைக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கொஞ்சம் நிலம், அதில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. தங்கைக்கு ஒரே மகன், ஓசூரில் கம்பெனி வேலை. அவன் பைக்கில் ஊருக்கு வரும்போது காரிமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய ரோட்டில் சறுக்கி விழுந்தான். பார்த்தவர்கள் தருமபுரிக்குக் கொண்டுபோனார்கள். கொட்டகைக்கு லோடு ஏற்ற வந்த டிரைவர் ஒருவர் அவனை அடையாளம் கண்டு சேதி சொன்னார். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு ஓடினார்.

பையனுக்குக் கால் எலும்பு உடைந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். போன்தான் சுக்கு நூறாகிப் போயிருந்தது. அம்மாவுக்கு நீயே சொல்லிவிடு பெரியம்மா, நான் சொன்னால் கத்தும் என்றான். அவனைக் கட்டுப் போட உள்ளே தள்ளிக்கொண்டு போனபின் அக்கா வராண்டாவில் நின்று தங்கையைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"சாப்ட்டியாடி?"

பழக்கம். வாய் அதுவாகக் கேட்டுவிட்டது. அந்தப் பக்கம் பதில் வரவில்லை.

"ஒண்ணுமில்லடி. பையன் வண்டியில உழுந்துட்டான். கால்ல அடி. வேற ஒண்ணும் கெடையாது. நீ பதறாம கெளம்பி வா."

அவனிடம் கொடு என்று தங்கை கேட்டிருக்க வேண்டும். இப்பப் பேச முடியாது, உள்ள இருக்கான் என்றார் அக்கா. அதுவும் நிஜம். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் இதே வார்த்தைகளை, இதே வரிசையில், இதே குரலில் அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்தார். அந்த வீடுகளில் எல்லாம் அப்போது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கைக்கு அது தெரியாதா? அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பல தடவை கேட்டவர்தான் அவர்.

போன் கட்டாகிவிட்டது. சிக்னல் இல்லை என்று நினைத்தோம். சாயந்திரம் தங்கையின் புருஷன் கூப்பிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள், மூச்சு இழுக்கிறது, அரூரில் காட்டி அங்கேதான் கொண்டுவருகிறோம் என்றார். மகன் காலில் கட்டோடு ஒரு வார்டில் கிடக்க, அம்மாவை அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு பக்கம் இறக்கினார்கள்.

ஈ.சி.ஜி. பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, மாரடைப்பு என்றார்கள். பிறகு குழாய் விட்டுப் படம் பிடித்தார்கள், அடைப்பே இல்லை. மறுநாள் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் வந்து எங்களை உட்கார வைத்துச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

இதயத் தசை காயப்பட்டால் ட்ரோபோனின் என்று ஒன்று ரத்தத்தில் கசியுமாம். அதைப் பார்த்துத்தான் மாரடைப்பு என்று கண்டுபிடிப்பார்கள். தங்கையின் ரத்தத்திலும் அது ஏறியிருந்தது, ஆனால் இதயம் கெட்டிருந்த கெடுதிக்கு ஏற்ற அளவு ஏறவில்லை. இதயம் விரிந்து தத்தளிக்கும்போது விடுகிற இன்னொரு பொருள் இருக்கிறது, அதுதான் எக்கச்சக்கமாக இருந்தது. ஸ்கேனில் இதயத்தின் அடிப்பக்கம் சுரைக்குடுக்கை மாதிரி உப்பிப்போய், சுருங்காமல் கிடந்தது. பெரிய அதிர்ச்சி வந்தால் உடம்பு பயத்துக்கான சாற்றை, அட்ரினலின் என்பார்களே, அதை ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டிவிடுகிறது. அது அதிகமானால் இதயம் மரத்துப்போகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. முதல் சில நாள் தாண்டினால் அநேகமாகச் சரியாகிவிடும். தாண்ட வேண்டும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் பொய் சொல்லலீங்க டாக்டரம்மா. நெசமாவே கால்லதான் அடி" என்றார்.

டாக்டரம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நான்தான் எங்கள் பக்கத்துப் பழக்கத்தைச் சொன்னேன். அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னது நெசமா பொய்யான்னு ரத்தத்துக்குத் தெரியாதும்மா. அவங்க எதை நம்பினாங்களோ அதுக்குத்தான் அது மாறும்" என்றார்.

அன்றிலிருந்து அக்கா அந்த வார்டு வாசலை விட்டு நகரவில்லை. நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் பின்னாலேயே போய், கொறஞ்சிருக்கா என்று கேட்பார். அவருக்கு என்ன குறைய வேண்டும் என்று சொல்லத் தெரியாது. தான் சொன்ன வார்த்தை அந்தச் சின்னக் குழாயில் இருப்பதுபோலவும் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர வேண்டும் என்பதுபோலவும் அதைப் பார்ப்பார். அது குறைந்தது. பையனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினோம். தங்கை அவன் முகத்தைத் தடவினார், மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து அக்காவைப் பார்த்தார்.

"நீ சாப்ட்டியான்னு கேட்டதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா. அதுக்கப்பறம் நீ சொன்னது எதுவும் காதுல உழல."

குறையாக அவர் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினார்.

தங்கை சில வாரத்தில் தேறிவிட்டார். அக்கா தேறவில்லை. அவர் உடம்பில் எந்த ரத்தத்திலும் ஒன்றும் ஏறவில்லை, வேலைக்கு வந்தார், புளி உடைத்தார். ஆனால் யாராவது போனை நீட்டினால் கையை மடியில் ஒளித்துக்கொண்டார். ஒருமுறை லோடு ஏற்றும் வயசாளி ஒருவரின் மனைவி இறந்த சேதி வந்தது. அக்கா வாங்கவில்லை. யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் டிரைவர் ஒருவர் லாரியில் இருந்தபடியே கத்திச் சொன்னார். அந்த மனிதர் மூட்டையோடு சரிந்தார். அக்கா எழுந்து போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கைத் திறந்து சாப்பிடும்போதும் யாரையும் கூப்பிடுவதை விட்டுவிட்டார். சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். யாரும் அவரைக் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் ஒருநாள் சந்தையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது என்னிடம் கேட்டார், நான் போய்விட்டால் அவளுக்கு யார் சொல்வார்கள் என்று. இன்னாத்துக்கு இப்ப அந்தப் பேச்சு என்றேன். அவர் நின்றுவிட்டார்.

"போன்ல வேண்டாம். ஒடம்பு சரியில்லன்னு ஆள் உட்டு இழுத்துக்கிட்டு வரவும் வேண்டாம். நீ போ. அவ பக்கத்துல குந்து. செத்துட்டான்னு சொல்லு. அந்த வார்த்தையே சொல்லு. சாப்ட்டியான்னு மட்டும் கேட்டுறாத."

"நான் எதுக்குக்கா? சொந்தக்காரங்க இருக்காங்களே."

"நீ ஊர் ஊராப் போறவன். சொல்லிட்டுப் போயிருவ. சொன்னவன் மூஞ்ச அவ தெனமும் பாக்க வேண்டாம் பாரு."

நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்த அன்று காலையில், புளி உடைத்துக்கொண்டிருந்தவர் பக்கத்து மூட்டையில் சாய்ந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலாளி போனை எடுத்துத் தங்கையின் நம்பரைத் தேடினார், ஆனால் அழுத்தவில்லை. நான் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, யாரும் என்னைக் கூப்பிட்டு வேறு யோசனை சொல்லிவிடக் கூடாது என்று என் போனை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்குப் போனபோது தங்கை வாசலில் கிழங்கு சீவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் சட்டையில் இருந்த புளித்தூசியைப் பார்த்துச் சிரித்தார்.

"வா தம்பி. அக்கா அனுப்புச்சா?"

நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா செத்துருச்சுங்க. காலைல."

அவர் என் வாயையே பார்த்தார். "ஒடம்பு சரியில்லையா? செத்துருச்சா?"

"செத்துருச்சுங்க."

"நெசமா?"

"நெசங்க."

அவருடைய கை மெதுவாக நெஞ்சுக்குப் போனது. நான் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அங்கேயே இருந்தது. பிறகு எங்கோ அடியிலிருந்து அழுகை வந்தது, பெரிதாக, வாயை மூடாமல். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். கிழங்குக் காட்டிலிருந்து ஓடிவந்த புருஷன் விஷயம் தெரிந்ததும் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். நெஞ்சு சரியில்லாதவளிடம் இப்படியா போட்டு உடைப்பாய், உனக்கு அறிவில்லையா என்று கேட்டார். தங்கைதான் அழுகைக்கு நடுவில் சொன்னார்.

"உடுங்க அவன. எங்கக்கா சொல்லாம அவன் இப்பிடிச் சொல்ல மாட்டான்."

கார் பிடித்துக் கிளம்பினார்கள், என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் அரூரில் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று புருஷன் பிடிவாதமாக இருந்தார். ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது. அழட்டும், அடக்க வேண்டாம், கூட ஆள் இருக்கட்டும் என்றார் டாக்டர். எதற்கும் போன தடவை பார்த்த அந்த இரண்டு ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடலாம் என்று பக்கத்து லேபில் ரத்தம் எடுத்தார்கள். அது தருமபுரிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டுமாம். கார் காரிமங்கலத்துக்குக் கிளம்பியது. ஏறிக்கொள் என்று தங்கை கண்ணாலேயே சொன்னார். நான் ஏறவில்லை. அக்கா சொன்ன வேலை முடிந்திருந்தது.

லேப்காரருக்கு, ரத்தம் வைத்த பெட்டியைத் தருமபுரிக்குக் கொண்டுபோகிற ஆள் வரவில்லை என்று கவலை. நான் வாசலில் சும்மா நிற்பதைப் பார்த்து, தருமபுரி வழி தெரியுமா, காலை பஸ்ஸில் போவாயா என்று கேட்டார். போகிறேன் என்றேன்.

அந்த ரத்தத்தில் பயப்பட ஒன்றும் இல்லை என்று மறுநாள் சாயந்திரம் தெரிந்தது. காலையில் அது யாருக்கும் தெரியாது. விடிந்ததும் லேபுக்குப் போனேன். அவர் ஐஸ் பெட்டியைத் திறந்து குழாய்களை நிறுத்தி வைத்தார். எல்லாம் ஒரே சிவப்பு. ஒன்றில் தங்கையின் பேர் ஒட்டியிருந்தது. குலுங்கக் கூடாது, மடியிலேயே வைத்துக்கொள் என்றார். மூடியை அழுத்தி மூடி, பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்ட்டியாப்பா?"

பெட்டியைக் கீழே வைத்தேன். அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேசைக்கடியில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். இட்லி. வீட்டில் கொடுத்தது அதிகம் என்றார்.

நின்றபடியே சாப்பிட்டேன். கையைக் கழுவினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.